டியூப்பா, மாஸ்க்கா, முதுகில் ஊசியா: ஆபரேஷனுக்கு முன் தொண்டையை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியை, உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் ஃபிட்னஸ் வாங்க வந்திருந்தார். பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு எடுப்பதாக முடிவாகிவிட்டது. ரிப்போர்ட்டையெல்லாம் மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தொண்டைக்குள்ள டியூப் விடாம பண்ண முடியாதா டாக்டர்? எங்க ஸ்கூல்ல ஒரு மேடத்துக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசம் குரலே சரியா வரல." அதே வாரம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஓதுவார் ஒருவர் வந்தார். அறுபத்தெட்டு வயது, தினமும் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். அவருடைய மகன் இதற்கு நேர் எதிராகக் கேட்டார்: "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி நிக்காதுன்னு சொல்றாங்க சார், அப்பாவுக்கு முழு மயக்கமே குடுத்துடுங்க."

இரண்டு பேரும் அக்கறையோடுதான் கேட்டார்கள், ஆனால் இரண்டு பேர் கேட்டதும் அவரவர் ஆபரேஷனுக்குப் பொருந்தாத வழி. மயக்க மருந்து டாக்டராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. ஃபிட்னஸ் அறையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால், முழு மயக்கத்தில் டியூப், முழு மயக்கத்தில் மாஸ்க், முதுகில் ஊசி என்ற மூன்று வழிகளையும் பற்றி இங்கே விரிவாக எழுதுகிறேன். கடைசி முடிவை உங்களை நேரில் பரிசோதிக்கும் மயக்க மருந்து டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் ஆபரேஷன். உடம்பில் எந்த இடம், எவ்வளவு நேரம், மல்லாக்கப் படுக்க வைத்தா, குப்புறப் போட்டா, வயிற்றுக்குள் காற்று நிரப்புவார்களா. பாதித் தேர்வு இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது வயிறு. வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, எங்களுக்கோ இதுதான் முதல் கவலை. முழு மயக்கத்தில் இருமல், விழுங்கல் எல்லாம் நின்றுவிடும். அப்போது இரைப்பையில் இருப்பது மேலே ஏறி வந்தால் தடுக்க ஆள் இல்லை, நேராக நுரையீரலுக்குள் போகும். பிரிட்டனில் 2008-09இல் ஒரு வருடம் முழுக்க நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தி 2011இல் அறிக்கை வெளியிட்டார்கள். மயக்கத்தின்போது மூச்சுப்பாதையில் பெரிய ஆபத்து ஏற்பட்டது ஏறத்தாழ 22,000 பேரில் ஒருவருக்கு. மிகக் குறைவுதான். ஆனால் அதில் இறந்தவர்களை எடுத்துப் பார்த்தால், முதல் காரணமாக நின்றது இப்படி வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதுதான்.

அதனால்தான் சாப்பாடு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறோம். பால் சேர்த்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அது சாப்பாட்டுக் கணக்கு. "ஒரு வாய்தான் குடிச்சேன்" என்று தியேட்டர் வாசலில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயாவது சொன்னார்களே என்று எனக்கு நிம்மதிதான், சொல்லாமல் உள்ளே வருபவர்களை நினைத்துத்தான் பயம். கர்ப்பம், கடுமையான நெஞ்செரிச்சல், நாள்பட்ட சர்க்கரை, குடல் அடைப்பு, உடல் எடைக்காக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி, இவை இருந்தால் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாக இல்லாமல் போகலாம்.

மூன்றாவது தொண்டை, பல், குரல். நான்காவது மற்ற நோய்களும் மாத்திரைகளும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகள். ஐந்தாவது, எடுத்த வழி நடுவில் பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பது.

## டியூப்

வாய் வழியாக, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவியை வைத்துப் பார்த்து, இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே டியூப்பை மூச்சுக்குழாய்க்குள் இறக்குவோம். நுனிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கும். அதில் காற்று ஏற்றியதும் மூச்சுக்குழாய் அடைபட்டு, காற்று போகவும் வரவும் டியூப் மட்டுமே வழி என்றாகிவிடும். வயிற்றிலிருந்து என்ன ஏறி வந்தாலும் பலூனைத் தாண்டுவது கடினம். நுரையீரலுக்கு இவ்வளவு பாதுகாப்பு மற்ற எதிலும் கிடையாது.

அதற்குத் தொண்டை கொடுக்கும் விலை என்ன? தொண்டை வலி ஐந்தில் இரண்டு பேருக்காவது வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். குரல் கம்மிப்போவதும் அப்படித்தான். உதட்டிலோ நாக்கிலோ சின்னக் காயம் இருபதில் ஒருவருக்கு. பல் உடைந்து வைத்தியம் பார்க்கும் அளவுக்குப் போவது சுமார் 4,500 பேரில் ஒருவருக்கு, அதிலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல், கேப் போட்ட முன்பல் உள்ளவர்கள்தான் அதிகம்.

மூன்று மாதம் குரல் வராத அந்த மேடம் மாதிரியானவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் இங்கேதான் பிறக்கிறது.

ஒன்று, நரம்பு. குரல்நாணை அசைக்கும் நரம்பின் ஒரு கிளை குரல்வளையின் உட்புறமாக ஓடுகிறது. டியூப்பின் பலூன் குரல்நாணுக்கு மிக அருகில் நின்றுவிட்டாலோ அதில் காற்று அதிகமாகிவிட்டாலோ, பலூனுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் அந்த நரம்பு நசுங்கும். ஜப்பானில் 31,241 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது, அதாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷன் ஆறு மணி நேரத்தைத் தாண்டியவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். நரம்பு நசுங்கியதால் வருவது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும், அந்த மூன்று மாதக் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறது.

இரண்டு, மூட்டு. குரல்நாணின் பின்முனையைப் பிடித்து அசைக்கும் ஆரிட்டினாய்டு என்ற குட்டிக் குருத்தெலும்பு இடம் பிசகலாம். மிக அரிது. ஆனால் குரல் காற்றாகப் போவதும் விழுங்கும்போது வலிப்பதுமாக இருந்து, "டியூப் போட்டதால அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டால், பிசகிய இடத்திலேயே அது ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்தால் திரும்ப இடத்தில் வைக்கலாம்.

மூன்று, டியூப் உரசிய இடத்தில் வளரும் சதைக்கட்டி. இது உடனே தெரியாது, வாரங்கள் கழித்துத் தொண்டையில் ஏதோ சிக்கியது போலவும் குரல் கரகரப்பாகவும் வரும். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், நெஞ்செரிச்சல் இருந்தால் ஆறாமல் இழுக்கும்.

நான்கு, மூச்சுக்குழாய் சுருங்கிப்போவது. இது நாட்கணக்கில் டியூப்போடு ஐசியூவில் கிடந்தவர்களுக்கு வருவது, இரண்டு மணி நேர ஆபரேஷனில் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். வந்தால் ஆஸ்துமா என்று தவறாக நினைத்து இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

இவற்றில் பாதியை எங்கள் கையாலேயே குறைக்க முடியும். பலூன் அழுத்தம் 20லிருந்து 30 சென்டிமீட்டர் தண்ணீர் (இது அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும், 30ஐத் தாண்டினால் உள்சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைய ஆரம்பிக்கும். விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்பதை நம்ப முடியாது, அதற்கென்று ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. அடுத்தது டியூப்பின் பருமன். பெண்களுக்கு 7, 7.5 மில்லிமீட்டர் என்று பழக்கத்தில் போடுகிறோம், வழக்கமான ஆபரேஷன் என்றால் 6.5கூடப் போதும், தொண்டை வலி நன்றாகவே குறையும். வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் குரல்நாணைத் திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டே போடலாம், இடித்துத் தேடும் வேலை குறையும்.

நம்ம வீட்டு அதிமதுரத்துக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் அதிமதுரக் கரைசலால் கொப்பளித்தவர்களுக்குத் தொண்டை வலி குறைந்ததை இந்தியாவிலும் வியன்னாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஆபரேஷன் அன்று காலையில் நீங்களே வீட்டில் கொப்பளித்து விழுங்கிவிட்டு வராதீர்கள், டாக்டர் சொன்னால் அவர் முன்னால் செய்யுங்கள்.

எப்போது டியூப்தான் சரி: லேப்ராஸ்கோபி, வயிற்றின் மேல்பகுதி ஆபரேஷன், நெஞ்சு, மூளை, குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் முதுகெலும்பு ஆபரேஷன், வயிறு காலி இல்லாத அவசர ஆபரேஷன், வாய்க்குள் ரத்தம் வரும் ஆபரேஷன். தைராய்டுக்கும் டியூப்தான், அங்கே குரல் நரம்பு கத்திக்குப் பக்கத்திலேயே ஓடுவதால், பிறகு குரல் மாறினால் பழியை டியூப் மேல் மட்டும் போட முடியாது.

## மாஸ்க்

எல்.எம்.ஏ (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே) என்று எங்கள் பேச்சில் வரும். இது முகத்தில் வைக்கும் மாஸ்க் கிடையாது. வாய் வழியாக உள்ளே போய்க் குரல்வளையின் வாயில் கவிழ்ந்து உட்காரும், குரல்நாணுக்குள் நுழையாது. லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற டாக்டர் 1981இல் இதை முதலில் செய்து பார்த்தார், இன்றைக்கு ஐ-ஜெல் போன்ற புதிய வடிவங்களில் பலூனே இல்லை, வயிற்றுத் திரவம் வெளியேற ஒரு தனிக் குழாயும் இருக்கிறது.

தொண்டை வலி ஐந்தில் ஒருவருக்கு, டியூப்பில் பாதி. குரல் கம்முவதும் குறைவு. எழுந்திருக்கும்போது அந்த மூச்சுமுட்டும் இருமல் இல்லாமல் அமைதியாக எழுவார்கள், இதைப் பார்க்கும்போது எனக்கே ஒரு நிம்மதி.

மறைந்திருக்கும் செலவு வயிறுதான். மாஸ்க் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறதே தவிர, மூச்சுக்குழாயை முழுதாக அடைப்பதில்லை. முன்னே சொன்ன பிரிட்டன் அறிக்கையில் வந்த சோகங்களில் சில, மிகப் பருமனானவர்களுக்கும் வயிறு காலி இல்லாதவர்களுக்கும் மாஸ்க் போட்டதால் வந்தவை. இன்னொன்று, ஆபரேஷன் நடுவில் அது நகர்ந்தாலோ குரல்நாண் இறுகிக்கொண்டாலோ அவசரமாக டியூப்புக்கு மாற வேண்டிவரும், அவசரத்தில் போடும் டியூப் நிதானமாகப் போடுவதைவிடத் தொண்டையைப் புண்ணாக்கும். பலூன் உள்ள மாஸ்க்கில் காற்று அதிகமானால் நாக்கு நரம்பு மரத்துப்போவதும் உண்டு, அரிதாக.

எப்போது மாஸ்க் சரி: வயிறு காலியாக இருப்பவர், பருமன் அதிகம் இல்லாதவர், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், கை கால், மார்பகக் கட்டி, தோல் மாதிரியான ஆபரேஷன்.

## முதுகில் ஊசி

ஜெர்மனியில் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் 1898இல் செய்ததைத்தான் இன்றும் செய்கிறோம். இடுப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஊசி, கொஞ்சம் மருந்து, சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். மூச்சு உங்களுடையது, தொண்டைக்குள் எதுவும் போவதில்லை. கை ஆபரேஷன் என்றால் கழுத்திலோ அக்குளிலோ நரம்பைச் சுற்றி ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்யலாம். கழுத்தில் போடும்போது மருந்து பரவிச் சில மணி நேரம் குரல் கம்மலாம், பயப்பட வேண்டாம், மருந்து இறங்கியதும் சரியாகிவிடும்.

ஆயுசுக்கும் முதுகுவலி என்ற பேச்சுக்கு வருவோம். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவுதான். சிசேரியனுக்குப் பின் வருடக்கணக்கில் நிற்கும் முதுகுவலிக்குக் காரணம் கர்ப்பத்தில் இடுப்பு தளர்ந்தது, எடை, குனிந்து குழந்தையைத் தூக்குவது, உட்கார்ந்து பால் கொடுப்பது. ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் அந்த வலி இருக்கிறதே, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்து 2009இல் சொன்னார்கள்: சந்தேகத்துக்குரியதையெல்லாம் சேர்த்தாலும் 24,000 பேரில் ஒருவர்.

உண்மையான செலவுகள் வேறு. ரத்த அழுத்தம் இறங்கும், அதை மருந்தால் சரிசெய்துகொண்டே இருப்போம். உட்கார்ந்தால் பிளந்து படுத்தால் குறையும் ஒரு தலைவலி, மெல்லிய பென்சில்முனை ஊசியில் நூறில் ஒருவருக்கும் குறைவு, இளவயதுப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சிறுநீர் அடைப்பு, இதை வயதான ஆண்கள் கவனிக்க வேண்டும், புராஸ்டேட் வீங்கியிருந்தால் டியூப் தொண்டையில் இல்லாமல் சிறுநீர்ப் பாதையில் போட வேண்டிவரும். மருந்து இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்கும். சில சமயம் ஊசி சரியாகப் பலிக்காமல் முழு மயக்கத்துக்கே போக நேரும், அதனால் முதுகில் ஊசிதானே என்று காபி குடித்துவிட்டு வரக் கூடாது. "பயமா இருக்கு, தூங்க வெச்சுடுங்க" என்று கேட்டால் லேசாகத் தூங்க வைக்கலாம், ஆழமாகத் தூங்க வைத்தால் டியூப்பும் இல்லாமல் மாஸ்க்கும் இல்லாமல் மூச்சுப்பாதை திறந்தே கிடக்கும், அதை நான் செய்வதில்லை.

குளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தாதவர்கள், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் ஆகியோருக்கு இந்த வழி பெரும்பாலும் மூடியிருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

எப்போது இது சரி: சிசேரியன், குடலிறக்கம், மூலம், புராஸ்டேட், முழங்கால், இடுப்பெலும்பு முறிவு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், டியூப் போடவே கடினமான கழுத்தும் வாயும் உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம்.

## பக்கம் பக்கமாக

| | டியூப் | மாஸ்க் | முதுகில் ஊசி |
|---|---|---|---|
| வயிற்றுத் திரவத்திலிருந்து நுரையீரலுக்குக் காப்பு | மிக நன்று | ஓரளவு | நீங்கள் விழித்திருக்கும்வரை உங்கள் இருமலே காப்பு |
| தொண்டை வலி | ஐந்தில் இருவர் | ஐந்தில் ஒருவர் | இல்லை |
| குரல் பாதிப்பு | தற்காலிகம் அதிகம், நீடிப்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு | குறைவு | இல்லை |
| பல் உடைவது | உண்டு, அரிது | இன்னும் அரிது | இல்லை |
| நேரம் | எவ்வளவும் | குறுகிய ஆபரேஷன் | 2 முதல் 3 மணி |
| மறைந்திருக்கும் செலவு | பலூன் அழுத்தம், பருமனான டியூப் | நடுவில் டியூப்புக்கு மாறுவது | தலைவலி, சிறுநீர் அடைப்பு, பலிக்காமல் போவது |

## என் கருத்து

ஆசிரியைக்கு டியூப்தான் என்று சொன்னேன். வயிற்றுக்குள் காற்றை நிரப்பும் ஆபரேஷன், அவருக்கு நெஞ்செரிச்சலும் இருந்தது. முதுகு ஊசியிலேயே பித்தப்பை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தக் காற்றால் வரும் தோள்பட்டை வலியை விழித்துக்கொண்டே தாங்குவது எல்லோராலும் ஆகாது. 6.5 டியூப், மீட்டரில் பலூன் அழுத்தம், வீடியோ லாரிங்கோஸ்கோப் என்று பேசி முடிவு செய்தோம். மூன்றாம் நாள் போனில் பேசும்போது குரல் லேசாகக் கம்மியிருந்தது, பத்தாம் நாள் வகுப்புக்குப் போய்விட்டார்.

ஓதுவாருக்கு முதுகில் ஊசி. புராஸ்டேட்டைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவைத்தோம். ஊசி பலிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காகச் சின்ன டியூப்பையும் எடுத்து வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

டியூப், மாஸ்க் இரண்டும் பொருந்தும் ஆபரேஷன் என்றால், குரலை நம்பி வாழ்பவருக்கு நான் மாஸ்க்கைத்தான் சொல்வேன். வயிறு சந்தேகமாக இருந்தால் பாடகரே ஆனாலும் டியூப். கம்மிய குரலைத் திரும்ப வரவழைக்கலாம், வயிற்று அமிலம் புகுந்த நுரையீரலோடு பல வாரம் ஐசியூவில் போராட வேண்டியிருக்கும்.

ஃபிட்னஸ் அறையில் இவற்றைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: தொழில் ஆசிரியர், பாடகர், கால் சென்டர் என்றால் அதை. ஆடும் பல், கேப், கழற்றும் பல்செட். முன்பு மயக்கம் கொடுத்தபோது "டியூப் போடக் கஷ்டமா இருந்துச்சு" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை, அந்தச் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. குறட்டை. நெஞ்செரிச்சல். பாக்கு, பான் மசாலா பழக்கம், ஏனென்றால் வருடக்கணக்கில் மென்றவர்களுக்கு வாயே இரண்டு விரல் அளவுதான் திறக்கும். டியூப் போட வாய்க்குள் எவ்வளவு இடம் தெரிகிறது என்று பார்க்க நாக்கை நீட்டச் சொல்வோம், அது ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் வேலை பார்த்த மல்லம்பட்டி என்ற டாக்டர் 1985இல் சொன்ன சோதனை. நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களைக் கை கூப்பச் சொல்வோம். உள்ளங்கைகள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி தெரிந்தால் மூட்டுகள் இறுகியிருக்கின்றன, கழுத்தும் அப்படி இருக்கலாம், டியூப் போடக் கடினம் என்று அர்த்தம்.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். அவசரமில்லாத ஆபரேஷனை இரண்டு மூன்று வாரம் தள்ளிவைப்பது, எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதையும்விடப் பெரிய பாதுகாப்பு.

## ஆபரேஷனுக்குப் பிறகு

முதல் மூன்று நாள் தொண்டை வலிக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். குரல் கம்மியிருந்தால் மெதுவாகப் பேசுங்கள், ஆனால் கிசுகிசுக்காதீர்கள், அது குரல்நாணை இன்னும் சிரமப்படுத்தும். கத்தி வகுப்பு எடுப்பதும் பாட்டுப் பயிற்சியும் குரல் தெளியும்வரை வேண்டாம்.

மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, கழுத்து வீங்கித் தொட்டால் நறநறவென்று இருந்தாலோ, தொண்டை வலியோடு காய்ச்சலும் நெஞ்சுவலியும் சேர்ந்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். தண்ணீர் குடித்தால் புரையேறுவது, விழுங்கும்போது ஒரு பக்கம் மட்டும் குத்துவது, குரல் வெறும் காற்றாக வருவது, இவை ஒரு வாரம் தாண்டி இருந்தால் இ.என்.டி டாக்டரிடம் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெறும் கம்மல் மட்டும் என்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு மயக்க மருந்துச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், எத்தனை மில்லிமீட்டர் டியூப், எத்தனை மணி நேரம், எத்தனை முறை முயன்று போட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.